பரிசத் தட்டில் வந்த கடிகாரமும் ஏணி முத்திரையும்

சின்னக் கடிகாரம் பழுது பார்ப்பவனுக்குப் பழுது பார்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதைச் செய்த புண்ணியவான் யார் என்று தேடுவது.

கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு நாளாவது முதுகு வலிக்கக் குனிந்திருந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சுவிஸ் தேசத்திலிருந்து வரும் சின்னக் கடிகாரத்தின் முகப்பில் ஒரு பேர் இருக்கும். அது விற்றவன் பேர். பின் மூடிக்குள் ஒரு முத்திரை இருக்கும். அது மூடி செய்தவன் முத்திரை. உள்ளே ஓடுகிற இயந்திரத்தைச் செய்தவன் மட்டும் தன் பேரைக் கண்ணில் படும்படி எங்கேயும் போட மாட்டான். ஆனால் அவன் யாரென்று தெரியாமல் ஓர் உதிரிப் பாகம்கூட வாங்க முடியாது. ஒருவன் கடிகாரத்தின் சாமான் இன்னொருவன் கடிகாரத்தில் உட்காராது.

நான் பதுளைக் கடைத்தெருவில் கடை போட்டிருந்தபோது பெரிய யுத்தம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ரயில் இன்னும் பதுளைக்கு வந்து சேரவில்லை. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கண்ணாடி அலமாரி, மழைக்காலத்தில் மூட மறுக்கும் ஒரு கதவு. வாசலில் நிற்பவர் உள்ளே வந்துவிட்டால் கடை நிறைந்துவிடும்.

கொம்பு ஊதும் நேரம்

ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவர் வருவார். அவருடைய பைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் விடியற்காலையில் பெரட்டுக்குக் கொம்பு ஊதுவார்கள். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் அந்த இடத்துக்குப் பிந்தி வந்தவர்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். ஆகவே அவர் கடிகாரம் முந்தினாலும் வசவு, பிந்தினாலும் வசவு. வசவெல்லாம் மலையிறங்கி என் மேஜைக்குத்தான் வரும்.

ஒரு தடவை அதன் சுருள்வில் அறுந்துவிட்டது. நான் வழக்கம்போல, இது எந்தக் கம்பெனி, எங்கே வாங்கியது, யார் செய்தது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "செஞ்சவன் யாரா இருந்தா என்னங்க? நாளைக்குப் பெரட்டுல அவனா வந்து நின்னு ஏச்சு வாங்கப் போறான்?"

திருப்பி அனுப்பக் கூடாத சாமான்

புரட்டாசியில் ஒரு மத்தியானம், ஜவுளிக்கடை சண்முகம் பிள்ளையின் மனைவி பார்வதியம்மாளும் மகள் தெய்வானையும் கோவிலுக்குப் போகிற சாக்கில் என் கடைக்கு வந்தார்கள். மகளின் கைக்குட்டைக்குள் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. பெண்கள் மணிக்கட்டில் கட்டுகிற தினுசு. எங்கள் பக்கத்தில் அப்போது அது புதுசு. முகம் ஒரு கோட்டுப் பொத்தான் அளவுதான். தெய்வானைக்கு மடுல்சீமையில் மாப்பிள்ளை பார்த்து ஆவணியில் பரிசம் போட்டிருந்தார்கள். பட்டுச் சேலை, மஞ்சள், பூ, தேங்காயோடு அந்தத் தட்டில் வந்தது இந்தக் கடிகாரம். கல்யாணம் வரைக்கும் பெட்டிக்குள் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கையில் கட்டிப் பார்த்திருக்கிறாள். அவிழ்க்கும்போது நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டது.

திறந்து பார்த்தேன். சிலிண்டர் முறிந்திருந்தது. முன்னும் பின்னும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுக் குழாய் அது. கனம் ஒரு ஊசி அளவுதான்; அதிலும் உள்ளே துளை, பக்கத்தில் ஒரு வெட்டு. அச்சு, திருகு என்றால் நானே கடைந்து போட்டுவிடுவேன். இந்தக் குழாயை மட்டும் கையால் செய்ய என்னால் ஆகாது. முயன்று பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

வாங்கின இடத்துக்கே அனுப்பி மாற்றிக்கொள்ளலாமே என்றேன். பார்வதியம்மாள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது. பரிசத் தட்டில் வந்த சாமானில் ஒன்றைத் திருப்பி அனுப்பினாலும் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டாரிடம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கவும் முடியாது. வேறொன்று வாங்கி வைப்பது அதைவிடக் கேடு. அதே கடிகாரம் ஓட வேண்டும். தெய்வானை கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அவங்க வீட்டுக்கும் தெரியக் கூடாது, எங்கப்பா காதுலயும் விழக் கூடாது. ஓடணும். அவ்வளவுதாண்ணே."

பிள்ளையின் தீர்ப்பு

அப்பா காதில் அந்த வாரமே விழுந்துவிட்டது. பதுளைக் கடைத்தெருவில் ஒரு விஷயத்தை மூடி வைக்க வேண்டுமென்றால் ஊரையே மூட வேண்டும். பிள்ளை என் கடைக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மனிதர் சந்தோஷமாக வந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். பரிசம் போட்ட பிறகு கண்டியிலிருந்து ஒரு பெரிய கடை வீட்டுச் சம்பந்தம் அவரைத் தேடி வந்திருந்தது. மடுல்சீமை மாப்பிள்ளையின் தகப்பனார் அங்கே பெரிய கங்காணி. மாப்பிள்ளை தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. குடும்பத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கண்டிக் கடையின் வாசல் அகலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து பிள்ளைக்குத் தோட்டத்துக்காரர்கள் சிறுத்துப் போனார்கள். இப்போது தட்டில் வந்த கடிகாரமே நின்றுவிட்டது. இதைவிட நல்ல கெட்ட சகுனம் அவருக்கு எங்கே கிடைக்கும்? சகுனம் சரியில்லை, தட்டைத் திருப்பி அனுப்பிவிடப் போகிறேன் என்றார்.

அடுத்த கடை ரத்தின ஆசாரி நகை வேலை செய்பவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, "சரிங்க மொதலாளி, நின்னது சகுனம்னா ஓடுறதும் சகுனந்தானே?" என்றார். பிள்ளை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் அங்கவஸ்திரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துவிட்டு இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார்: "தை பொறக்கட்டும். அன்னிக்கு ஓடுச்சுன்னா கல்யாணம். ஓடலன்னா தட்டு மலையேறும். சண்முகம் பிள்ளைக்கு ஒரே பேச்சுதான்."

விற்றவனும் மூடி செய்தவனும்

முகப்பில் இருந்தது கொழும்பில் ஒரு கடையின் பேர். எழுதினேன். நாங்கள் விற்பவர்கள் மட்டுமே, பழைய கடிகாரத்தை அனுப்பினால் புதியதைக் குறைத்துத் தருகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. புதியது வேண்டுமென்று யார் கேட்டது? மூடிக்குள் இருந்த முத்திரையைப் பெரிதாக வரைந்து, தெரிந்த ஒரு தொழில்காரர் மூலம் விசாரித்தேன். அது மூடி மட்டும் செய்கிற பட்டறையாம். உள்ளே என்ன வைக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாதாம். உள் மூடியில் இருந்த பிரெஞ்சு எழுத்தைப் பாதிரியார் ஒருவர் படித்துச் சொன்னார். சிலிண்டர் கடிகாரம், உள்ளே பத்துக் கல் பதித்தது என்று எழுதியிருந்தது. அது எனக்கு முன்னாலேயே தெரியும்.

இதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. மழை பிடித்தால் விடுவதில்லை. எல்ல என்கிற ஊர்ப் பக்கம் மண் சரிந்து தபால் வேறு பிந்தியது. பார்வதியம்மாள் கடைத்தெருப் பக்கம் வரும்போதெல்லாம் உள்ளே வராமல் வாசலிலிருந்து என் முகத்தை மட்டும் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் சில நாட்கள் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததுண்டு.

மூடிக்காரன் பதிலை ரத்தின ஆசாரியிடம் சொல்லி அலுத்துக்கொண்டேன். ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தவர், "நானுந்தான் தாலி செய்றேன் அண்ணே. குடும்பம் எப்படி நடக்குதுன்னு என்னைய வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

ஏணி

கடைசியில் முகப்பையே கழற்றினேன். பீங்கான் பூசிய முகப்பு. கழற்றும்போது விரிசல் விட்டால் அதற்கு மருந்தே கிடையாது. அதனால்தான் அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். கழன்று வந்தது. அடியில், முட்களைத் திருப்புகிற சக்கரத்துக்குப் பக்கத்தில், தூசி அளவுக்கு ஒரு முத்திரை தெரிந்தது. இரண்டு கோடு, குறுக்கே மூன்று கோடு. ஏணி.

பேர் இல்லை. ஏணிதான். ரத்தின ஆசாரி பார்த்துவிட்டு ரயில் பாதை என்றார். நான் ஏணி என்றேன். அரை நாள் வேலை அதில் போயிற்று. எதுவானால் என்ன, அப்பன் பேர் தெரியாத பிள்ளைக்கு ஒரு மச்சமாவது கிடைத்ததே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தொழிலில் இல்லாதவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கொழும்பிலிருந்து உதிரிப் பாகங்கள் கொண்டுவந்து விற்கும் காசிம் நானா கார்த்திகையில் வந்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன் ஏணியைக் காட்டினேன். பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். அது சுவிஸ் தேசத்து மலையோரத்தில் ஒரு தொழிற்சாலை. இயந்திரம் மட்டும் செய்து பல தேசத்துக்கும் அனுப்புகிறது. வாங்குகிறவர்கள் தங்கள் பேரைப் போட்டுக்கொள்கிறார்கள் என்றார். சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டேன். கையில் இல்லை. எழுதிப் போட்டால் கப்பலில் வர வைகாசி ஆகிவிடும். எனக்கு வேண்டியது தை. எழுதிப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் வாங்குறது இவன் சாமானத்தான். ஆனா இவனுடையது வேணும்னு கேட்டு வாங்கினவன நான் இன்னும் பாக்கல்ல."

மடுல்சீமைக்காரர்

மார்கழித் தொடக்கத்தில் ஓர் இளைஞர் சுவர்க் கடிகாரமொன்றைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மடுல்சீமையிலிருந்து பாதி வழி நடை, பாதி வழி மாட்டு வண்டி. கால்சட்டை முழங்கால் வரை சேறு. பேர் ராமலிங்கம், தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றார். தெய்வானைக்குப் பார்த்த மாப்பிள்ளையேதான். அவர்கள் தட்டில் வைத்த கைக்கடிகாரம் முகப்பில்லாமல் என் மேஜைமேல் கிடந்தது. அவசரமாக ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். கண்ணாடியால் மூடினால் எது மறையும்? அவர் பார்த்துவிட்டார்.

நான் ஏதோ எண்ணெய் போடுவது, துடைப்பது என்று உளறினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, எப்போது நின்றது என்றார். இனி மறைத்து என்ன பயன்? விழுந்ததைச் சொன்னேன், பெட்டிக்குள் இருந்ததை எடுத்துக் கட்டிப் பார்த்ததையும் சொன்னேன். தை வாய்தாவை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனிதர் அன்று மலையேறியிருக்க மாட்டார். அவர் கிண்ணத்தை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, தன் வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம், அப்பா சகுனம் பார்க்கிறவர் என்று கேட்டுக்கொண்டார். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்: "நின்னா நின்னுட்டுப் போகுதுங்க. கையில கட்டிப் பாத்தாங்கல்ல, அது போதும்."

கொழும்புச் சாமான்

மார்கழி பாதியில் பிள்ளை மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் ஒரு வெல்வெட்டுப் பெட்டி. மனைவிக்காகப் பல வருஷத்துக்கு முன்னால் கொழும்புக் கோட்டையில் துரைமார் போகிற கடையில் வாங்கியதாம். கழுத்துச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிடும் சின்னக் கடிகாரம். மூடியில் பூ வேலை. முகப்பில் அந்தக் கடையின் பேர் சுருள் எழுத்தில். நல்ல நாளைக்குத்தான் வெளியே வரும். திருவாதிரைக்குப் போட்டுக்கொள்ளத் துடைத்துத் தர வேண்டுமென்றார். துடைப்பது ஒரு சாக்கு. அதைக் கொண்டுவந்து அந்தக் கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைப்பதில் அவருக்கு ஓர் ஆனந்தம்.

வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். புறப்படும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: "பாத்துக்குங்க வாச்சுக்காரரே. இதச் செஞ்சவன் மனுஷன். நீங்க தேடுறீங்களே, அவன் எந்தக் காட்டுல ஒளிஞ்சிருக்கானோ."

இரண்டு முகப்பும் கழன்றபோது

அன்று சாயங்காலமே அதைத் துடைக்கப் பிரித்தேன். முகப்பைக் கழற்றினேன். ஏணி.

அளந்து பார்த்தேன். அதே அளவு, அதே சக்கரங்கள், அதே சிலிண்டர். ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு இயந்திரங்கள். ஒன்றைக் கைக்கு ஏற்ற கூட்டிலும் மற்றதைக் கழுத்துக்கு ஏற்ற கூட்டிலும் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. யாரும் கேட்காமல் மாற்றிப் போட்டுவிடக் கை துடித்தது என்று சொன்னால் தொழில்காரர்கள் நம்புவீர்கள். அப்படிச் செய்தால் அது திருட்டு. சொன்னாலோ, பிள்ளையின் கொழும்புப் பெருமையில் கை வைத்த மாதிரி. என் கடை இருந்த கட்டிடமே அவர் மச்சான் கட்டிடம்.

சொல்லிவிடுவது என்று தீர்மானித்து ஆள் அனுப்பினேன். பிள்ளை வந்தார்; பின்னாலேயே பார்வதியம்மாளும் வந்தார். இரண்டு இயந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். பிள்ளை முதலில் ஒன்று, பிறகு மற்றது, மறுபடி முதலாவது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"கொழும்புக்காரன் ஏமாத்திட்டானா?"

"யாரும் ஏமாத்தலீங்க. நல்ல கடியாரம். இத்தன வருஷம் ஒரு குறையில்லாம ஓடியிருக்கு. அதுவும் நல்ல கடியாரந்தான். விழுந்ததால நின்னுச்சு."

பார்வதியம்மாள் மேஜைக்கருகே வந்தார். அதுவரை அவர் என் கடையில் இவ்வளவு உள்ளே வந்ததில்லை. "இதுல இருக்குறது அதுக்குச் சரியாப் பொருந்துமா?" என்று கேட்டார். பொருந்தும் என்றேன். "அப்பக் கழட்டிப் போடுங்க." சாதம் போடச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"ஒன்னோடது நின்னு போகுமே" என்றார் பிள்ளை. அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

பார்வதியம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. என் மேஜையில் கிடந்த தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் எந்த நாளுங்க நேரம் பாத்தேன்? நீங்க கூப்பிட்டா அதுதான் எனக்கு நேரம்."

வைகாசி

தை முதல் நாள் பிள்ளை கைக்கடிகாரத்தைத் தானே காதில் வைத்துக் கேட்டார். ரத்தின ஆசாரி சாட்சிக்கு நின்றார். ஓடியது. கண்டிக்காரர்களுக்குப் பிள்ளை என்ன பதில் எழுதினாரோ தெரியாது. தை கடைசியில் தெய்வானை அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தாள். ராமலிங்கம் தாலி கட்டுவதற்கு முன்னால் அவள் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்ததை நான் கவனித்தேன். பார்வதியம்மாள் கழுத்தில் நின்றுபோன கடிகாரம் தொங்கியது. பந்தியில் யாரோ அவரிடம் மணி கேட்டார்கள். சிரித்துக்கொண்டே என்னைக் கைகாட்டிவிட்டார்.

வைகாசியில் காசிம் நானா சிலிண்டரைக் கொண்டுவந்தார். அவர் வந்து போன விஷயம் பிள்ளைக்கு யார் சொன்னார்களோ, மறுநாள் கடை திறப்பதற்கு முன்னாலேயே வெல்வெட்டுப் பெட்டியோடு வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நான் வேலை முடிக்கும் வரை தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓடவிட்டுக் கையில் கொடுத்தேன். பெட்டியில் வைக்காமல் மடியில் செருகிக்கொண்டு, ரத்தின ஆசாரி கடை இன்னும் திறக்கவில்லை என்பதை ஒரு தடவை நிச்சயப்படுத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அவளுக்குத் தெரியாம எடுத்தாந்தேன். நான் வந்தேன்னு சொல்லாதீங்க. கேட்டா, அதுவாத்தான் ஓட ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லிக்கிறேன்."

செய்தவன் தன் பேரை மறைத்துக்கொள்வது சுவிஸ்காரர்களுக்கு மட்டும் உள்ள வழக்கம் என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.